உரியவர் பெற்றுக்கொள்ளவும்

உப்போடைப்பட்டியிலிருந்து கோட்டைமேடு போகும் பதினேழு பி பஸ்ஸில், ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை எட்டு நாற்பதுக்கு, சண்முகக்கனியின் இடுப்பைப் பிடித்த கை திரும்பிப் போகவில்லை.

அதற்கு முன்னால் அந்தப் பஸ்ஸில் எத்தனையோ கைகள் எத்தனையோ இடுப்புகளுக்கு வந்துவிட்டு, பிரேக் போட்ட சாக்கிலும் கூட்டம் நெருக்கிய சாக்கிலும், வந்த சுவடு தெரியாமல் அவரவர் பக்கம் திரும்பிப் போயிருக்கின்றன. திரும்பிப் போன கையைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசியதில்லை, திரும்பிப் போய்விட்டால் அது வராத கைதான். அன்றைக்கு ரயில்வே கேட்டுக்கு முன்னால் டிரைவர் பிரேக்கை மிதிக்க, கூட்டம் மொத்தமும் முன்னால் சாய்ந்து பின்னால் சரிய, கனிக்குப் பின்னால் நின்றவர் சட்டென்று இழுத்துக்கொள்ள, ஆள் போனார், கை போகவில்லை. முற்றிய பூசணி காம்பிலிருந்து கழல்வதுபோல மணிக்கட்டுக்கு மேலே கழன்று, ஒரு சொட்டு ரத்தமில்லாமல், சுடிதாரின் பச்சைத் துணிமேல் ஐந்து விரலையும் பதித்துக்கொண்டு அது அங்கேயே இருந்துவிட்டது.

நான் அப்போது பெண்கள் பக்கம் மூன்றாவது சீட்டில், கனியின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பஸ்களில் அது வழக்கம். நிற்கிறவர்கள் பையை, தூக்குச்சட்டியை, சில நேரம் கைக்குழந்தையையே உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆளிடம் நீட்டுவார்கள், உட்கார்ந்திருப்பவர் மறுபேச்சில்லாமல் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இறங்குகிற இடத்தில் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷம் கடல் கடந்து இருந்துவிட்டு வந்த எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போனது அந்த வழக்கம்தான்.

"யக்கா, என் மேல என்னமோ இருக்கு, பாருங்களேன்," என்றாள் கனி, பல்லி விழுந்ததைச் சொல்வதுபோல மெதுவாக.

பார்த்தேன். பிரேக் போடுவதற்கு முன்னாலேயே பார்த்திருந்தேன். அந்தக் கையையும், அது வந்த சட்டையையும், சட்டைக்குள் இருந்த ஆளையும்.

கண்டக்டர் பால்துரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "என்னம்மா இது?"

"கைண்ணே."

"கைன்னு தெரியுது. யாரோடது?"

"தெரியலண்ணே. நான் கூப்பிடல, அதுவா வந்துச்சு."

"ஓசி டிக்கெட்டுக்கு ஓசியா ஒரு கை," என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது, நாலு பேர் சிரித்தார்கள், சிரித்த நாலு பேரும் உடனே தங்கள் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

பால்துரைக்கு இருபது வருஷ சர்வீஸ். குடை, மூக்குக்கண்ணாடி, கல்யாண ஆல்பம், ஒருமுறை கட்டிய கால்களோடு ஒரு சேவல் என்று பஸ்ஸில் விட்டுப்போன பொருள்களையெல்லாம் உரியவரிடம் சேர்த்த மனுஷர், இதற்கும் அதையே செய்தார். விசிலை ஊதி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சத்தமாகக் கூவினார்: "கை ஒண்ணு கெடக்கு! வலது கை! யாரோடதா இருந்தாலும் 'என்னுது'ன்னு சொல்லி வாங்கிக்கங்க! ஒண்ணும் கேக்க மாட்டேன், வாங்கிக்கிட்டுப் போயிருங்க!"

அவர் அதைச் சொன்னதும் அந்த விரல்கள் தளர்ந்தன. சுண்டுவிரல் முதலில், பிறகு ஒவ்வொன்றாக, எழுந்து நிற்கப் போகிற ஆளைப்போல, துணியைவிட்டு ஒரு நூல் உயரம் எழுந்து நின்றன. பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் அதைப் பார்த்தோம். கை காத்திருந்தது, பஸ் காத்திருந்தது, ரயில் போய் கேட் திறந்து மறுபடி மூடுகிற அளவுக்கு நேரம் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. பின்படியில் மட்டும் ஒருவர், வலது முழங்கையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, நிதானமாக இறங்கி, வெயிலில் நடந்து போனார். ஊருக்கே பழக்கமான முதுகு. முதுகு மறைந்ததும் விரல்கள் மறுபடி படிந்தன, முன்பைவிட இறுக்கமாக.

அப்படித்தான் எங்களுக்கு அது தெரிந்தது. உரியவர் வந்து தன்னுடையது என்று சொன்னால் கை விட்டுவிடும். சொல்லாதவரை விடாது.

*

கனிக்கு இருபத்தாறு வயது. கோட்டைமேடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. சுற்றுவட்டாரத்தில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று முழங்கையை நீட்டாத ஆள் கிடையாது. முகத்தை மறந்தாலும் நரம்பை மறக்க மாட்டாள், யாருக்கு நரம்பு நழுவும், யாருக்கு ஒளியும், யாருக்குப் புறங்கையில் எடுக்க வேண்டும் என்று அவள் விரல்நுனிக்குத் தெரியும். அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் தன் இடுப்பிலிருந்த கையின் புறங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன மாசம்தான் அந்த நரம்பில் ரத்தம் எடுத்திருந்தாள்.

அம்மா வேலம்மாளிடம் மட்டும் பெயரைச் சொன்னாள். வேலம்மாள் மகளின் வாயைப் பொத்தினாள். "தப்பா இருந்தா பாவம்டி. சரியா இருந்தா அதைவிடப் பாவம்."

பெரியாஸ்பத்திரியில் கத்தியை வைத்துப் பார்த்தார்கள். கத்தி கையில் பட்டால் வலி கனிக்கு வந்தது. அவளை வெட்டாமல் அதை வெட்ட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷனில் ஐந்து விரலுக்கும் மை தடவி ரேகை எடுத்தார்கள், அந்த வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஏட்டையா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை யாரோட ஒப்பிடுறது? வலது கை ரேகையை ஒப்பிடணும்னா அந்த ஆளோட வலது கை வேணும். அது உங்கிட்டல்ல இருக்கு," என்றார்.

"ஆதார்ல இருக்குமே சார்."

"அதெல்லாம் நாம கேட்டாத் தர மாட்டாங்கம்மா. நீ முதல்ல ஆளைக் கூட்டியா, கை அவருதுதான்னு அவரே சொல்லட்டும், அப்புறம் நடவடிக்கை எடுக்கிறோம்."

அவரே சொல்லிவிட்டால் கை விட்டுவிடும், கை விட்டுவிட்டால் நடவடிக்கைக்குச் சாட்சி இருக்காது என்று கனி சொன்னாள். அதைத்தான் நானும் யோசிக்கிறேன் என்றார் ஏட்டையா, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மகளிர் குழுவில்தான் அந்த யோசனை வந்தது. கைக்கு எழுதத் தெரியுமே, பேனாவைக் கொடுத்தால் தன் ஆள் பேரைத் தானே எழுதிவிடாதா என்று. சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக்கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்துகொள்ள, கனி நடுவில் நிற்க, அவள் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பரீட்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்த விரல்களுக்கு நடுவில் ஒரு ஸ்கெட்ச் பேனாவைச் செருகினார்கள். கட்டைவிரலையும் இரண்டு விரலையும் மட்டும் துணியிலிருந்து எடுத்து, பேனாவைப் பழகிய பிடியில் வாங்கிக்கொண்டு, கை வரைய ஆரம்பித்தது. ஒரு கிளி வந்தது. இடது கண் கொஞ்சம் பெரிசாக, வாயில் ஒரு பழமிளகாயோடு ஒரு கிளி. பள்ளிக்கூடச் சுவரிலும், தண்ணீர்த் தொட்டியிலும், நூலகக் கதவிலும், எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் ஓவிய நோட்டிலும் இருக்கிற அதே கிளி. முப்பது வருஷமாக இந்த ஊரில் அந்தக் கிளியை வரைகிறவர் ஒருவர்தான், ஓவிய வாத்தியார் அரியநாயகம்.

 குழுத் தலைவி அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"கிளி யாரு வேணா வரையலாம்," என்றாள்.

"ஆமா, அவருகிட்டப் படிச்சவன் எத்தனை பேரு," என்றாள் இன்னொருத்தி. "என் மவன் இதைவிட நல்லா வரைவான்." சொன்ன பிறகு மகனை நினைத்துப் பயந்து, "முன்னே வரைவான், இப்ப மறந்துட்டான்," என்றாள்.

நானும் அந்த வட்டத்தில் இருந்தேன். இரண்டு மொழியில் படித்தவள் என்று என்னைத்தான் மனு எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். எழுதினேன். யாரோ ஒருவருடைய கை என்று எழுதினேன்.

*

அரியநாயகம் சாருக்குக் கை போன விதத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஊர்தான் அவருக்காகச் சொல்லியது. முதல் வாரம் விபத்து என்றது, இரண்டாவது வாரம் மிஷின் என்றது, மூன்றாவது வாரம் பஸ் நிலையத்து வாசலில் இருக்கிற கரும்புச்சாறு மிஷின் என்று இடமும் சொன்னது. சாறு பிழிகிற முத்தையா முதலில், "என் மிஷின்ல ஒரு விரல்கூடப் போனதில்லய்யா," என்று சத்தியம் செய்தார். ஆடி பிறந்தபோது, "அவரு கரும்பைத் தள்ளிவிட்டாரு, நான் பாக்கல," என்றார். ஆவணியில் அந்தக் கை உள்ளே போன சத்தம் எப்படி இருந்தது என்பதைக் கண்ணில் தண்ணீரோடு சொல்லிக் காட்ட, கேட்பவர்களும் அழுதார்கள். கிளி வரைந்த கை, எத்தனை பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பிடித்துக் கொடுத்த கை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாராட்டு விழா எடுத்து, ரப்பரில் ஒரு கை செய்து மாட்டி, கைதட்டினார்கள். சார் இடது கையை ரப்பர் கைமேல் தட்டி நன்றி சொன்னார்.

கனியைப் பற்றியும் பேசாமல் இல்லை. பின்வாசல் பக்கம் ஏன் நின்றாள் என்றார்கள், முன்வாசல் பக்கம்தான் நின்றாள் என்றதும், அப்படியானால் கை எப்படி அங்கே வந்தது என்றார்கள். ஊக்கு வைத்திருக்கவில்லையா, நாங்களெல்லாம் ஊக்கில்லாமல் பஸ் ஏறியதுண்டா என்று பெண்கள் கேட்டார்கள். அவள் துப்பட்டாவில் மூன்று ஊக்கு இருந்தது, துப்பட்டா நழுவக் கூடாதென்று போட்டது. முதல் வாரம் பதினேழு பியில் ஆண்களெல்லாம் இரண்டு கையையும் மேல்கம்பியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரணடைந்தவர்களைப்போல வந்தார்கள். இரண்டாவது வாரம் ஒரு கை இறங்கியது. மாசக் கடைசியில் எல்லாம் பழையபடி ஆனது. தையற்கடை இசக்கி, கனியின் உடுப்புகளுக்கெல்லாம் வலப்பக்கத்தில் கை அளவுக்கு ஒரு திறப்பு வைத்து, ஓரத்தில் லேஸ் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். "அழகா இருக்கு தாயி, வெளிய தெரிஞ்சாலும் டிசைன்னு நெனச்சுக்கிடுவாக," என்றார். நல்ல மனுஷர். தையல் கூலிகூட வாங்கவில்லை.

நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காப்பி குடித்து, கையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எங்களுக்கு ஒண்ணுமில்ல, பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா தாலி கட்டுற நேரத்துல அது பாட்டுக்கு எந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணிருச்சுன்னா, நாலு பேரு என்ன சொல்லுவாக?" அந்த வாரமே பூவையும் புடவையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கனி அதற்கு அழுததாகத் தெரியவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: "கல்யாணம் போனாப் போகுதுக்கா. வலப்பக்கம் சாஞ்சு படுத்து மூணு மாசமாச்சு. ஒரே ஒருநாள் சாஞ்சு படுத்தாப் போதும்."

*

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம், நானும் கனி வீட்டில் இருக்கிற நேரத்தில், சொர்ணம் வருவாள். அரியநாயகம் சாரின் சம்சாரம். முதல்முறை அவள் வாசலில் வந்து நின்றபோது வேலம்மாள் அழுவதா சண்டைபோடுவதா என்று தெரியாமல் பாய் விரித்தாள். சொர்ணம் இடுப்பிலிருந்து நகவெட்டியை எடுத்தாள்.

"நகம் வளந்திருக்கும். உனக்குத்தான் கீறும்," என்றாள்.

கனி பக்கவாட்டில் திரும்பி நின்றாள். சொர்ணம் தரையில் உட்கார்ந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, முப்பது வருஷமாகச் செய்கிற வேலையை ஒரு தாளில் நகம் சிதறாமல் செய்தாள். கட்டைவிரல் நகத்துக்கடியில் நீலப் பெயிண்ட் இன்னும் இருந்தது, அதைத் தன் நகத்தால் சுரண்டி எடுத்தாள், தேங்காயெண்ணெய் தடவினாள்.  மழை பெய்யவில்லை என்பதையும், தக்காளி விலையையும் பேசினோம்.

நாலாவது வெள்ளிக்கிழமையோ ஐந்தாவதோ, கனி கேட்டுவிட்டாள். "மதினி, அவுகளை ஒருதரம் வரச் சொல்லுங்க. உள்ள வர வேண்டாம், தெருவுல நின்னுக்கிட்டு 'என்னுது'ன்னு ஒரு வார்த்தை. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொர்ணம் நகவெட்டியை மடக்கினாள். "வீட்டுல அந்தப் பேச்சே கெடையாது தாயி. இடது கையால சாப்பிட மாட்டாக, மூணு வேளையும் நான்தான் பிசைஞ்சு ஊட்டுதேன். கரும்பு மிஷின் முன்னால போறப்பல்லாம் கண்ணை மூடிக்கிடுதாக. நெசமாவே பயந்து மூடுதாக."

"அப்ப நான் என்ன செய்ய?"

சொர்ணம் நகத்துணுக்குகளைத் தாளில் மடித்தாள். பிறகு எழுந்து, கனியின் காதுக்குப் பக்கத்தில், ஆனால் எங்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். "இது எப்பிடிப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். இழுத்தா இறுக்கும். அசையாம நின்னுரு. அசையாம நின்னா அவ்வளவா வலிக்காது."

நகத்துணுக்குகளை மடித்த தாளை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

*

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, சாப்பாட்டுக்கு முந்தின சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு, லேப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். வேறு ஆள் இல்லை. குடையை உதறிக்கொண்டு அரியநாயகம் சார் உள்ளே வந்தார். மூன்று மாசச் சர்க்கரை பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார், வட்டாரத்தில் வேறு லேப் கிடையாது. வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு மிச்சமிருந்த கையை நீட்டினார்.

கனி ரப்பர் பட்டையைப் புஜத்தில் கட்டினாள். அவளுக்கு நடுக்கமில்லை, வேலை தெரிந்தவள்.

"கையை இறுக்கி மூடுங்க சார்."

சார் இடது கையை இறுக்கி மூடினார். கனியின் இடுப்பில் வலது கையும் இறுக்கி மூடிக்கொண்டது, துணியும் சதையும் அதற்குள்ளே அகப்பட, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அசையாமல், அப்படியே நின்று நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினாள். குழாயில் ரத்தம் ஏறியது. 

"இப்ப விடுங்க சார்."

விட்டார். இரண்டும் விட்டன. லேஸ் வைத்த திறப்பில் ஐந்து விரல்களும் மலர்ந்து, பதினேழு பியில் அன்று நின்றதைப்போல, ஒரு நூல் உயரத்தில் எழுந்து நின்றன. ஊசியை உருவி, பஞ்சை வைத்துக்கொண்டே, கனி தாழ்ந்த குரலில் பேசினாள்.

"சார். இங்க யாருமில்ல. அக்கா மட்டும்தான், அவுக அன்னைக்கும் இருந்தாக. நான் கேஸு போட மாட்டேன், ஊருல சொல்ல மாட்டேன். 'என்னுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லி எடுத்துக்கிடுங்க சார். உங்க கைதான சார். கிளி வரையலாம்ல?"

சார் அந்தக் கையைப் பார்த்தார். பார்க்காமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. நீலப் பெயிண்ட் போன கட்டைவிரலை, வெள்ளிக்கிழமை வெட்டிய நகங்களை, தொலைந்துபோன தம்பியைக் கூட்டத்தில் கண்டவரைப்போலப் பார்த்தார், உதடுகூடப் பிரிந்தது. விரல்கள் இன்னொரு நூல் எழுந்தன. பிறகு அவர் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, வழி கேட்கிறவருடைய பார்வைதான் அது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆமாம் சார், நான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், அவர் விழுந்திருப்பார், கையும் விழுந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. என் முழங்கை மடிப்பில் பஞ்சு நனைந்துகொண்டிருந்தது. நான் பஞ்சை அழுத்தினேன்.

"என்னத்தம்மா சொல்லணும்?" என்றார் அவர், பள்ளிக்கூடத்துக் குரலில், மிகவும் கனிவாக. "என் கை கரும்பு மிஷின்லல்ல போச்சு. ஊருக்கே தெரியுமே." என் பக்கம் திரும்பி, "இல்லீங்களா?" என்றார்.

என் தலை அசைந்தது. நான் அசைக்கச் சொல்லவில்லை, ஆனால் அசைந்தது, மேலும் கீழுமாக, ஒருதரம்.

விரல்கள் படிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கனி ரப்பர் பட்டையைச் சுற்றி டப்பாவில் போட்டாள், குழாயில் பெயரை எழுதி ஒட்டினாள். "சாயங்காலம் ரிசல்ட் வாங்கிக்கிடுங்க சார்," என்றாள். என்னிடம், "பஞ்சைப் போட்டுருங்கக்கா, நின்னுருச்சு," என்றாள்.

அன்று சாயங்காலம் பதினேழு பியில் எனக்குப் பெண்கள் பக்கம் சீட் கிடைத்தது. பஸ் நிலையத்திலிருந்து வண்டி கிளம்புகிற நேரத்தில் கனி ஏறினாள். மழைக்கூட்டம், நிற்க இடமில்லை, பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோர் மடியிலும் பை, தூக்குச்சட்டி, ஈரக்குடை, யார் யாருடையதோ, எல்லோரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தோம். கனி என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் பையைத் தோளிலிருந்து கழற்றி, ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, வேறு யாரிடம் கொடுக்க என்பதுபோல, என்னிடமே நீட்டினாள்.

இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.